இரண்டு மணி எலிகள்

ஜூன் 9, திங்கள்

பதினோராம் எண் எலி இன்றைக்கு எழுபத்திரண்டு நொடி நின்றது. ஆய்வுக்கூடத்தில் சுழலும் தடியின் மேல் எலியை ஏற்றிவிட்டு, எப்போது விழும் என்று கடிகாரத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. வெறும் தண்ணீர் குடித்த எலிகள் நாற்பதைத் தாண்டுவதில்லை. கால் தள்ளாட்டத்துக்கு மருந்தாகுமா என்று நாங்கள் சோதிக்கும் வேர்ச்சாறு குடித்தவை எழுபதுக்குக் குறைவதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா வழக்கம்போல், "இன்னிக்கு எத்தன, புள்ள?" என்றார். சொன்னேன். முகம் மலர்ந்தது. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் மேடு பள்ளம் பாராமல் நடந்தவர், இப்போது தள்ளாட்டம் வந்து சுவரைப் பிடித்து நடக்கிறார். அவரிடம் சொல்ல என்னிடம் வேறு என்ன நல்ல செய்தி இருக்கிறது?

ஜூன் 12, வியாழன்

என் ஆய்வு வழிகாட்டி ஸ்ரீதர் சாருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. கடல் தாண்டி மெயின்லேண்டில் நடக்கும் கருத்தரங்குக்கு என் பெயரையும் போட்டுவிட்டார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு எலிகூட, ஒரு நாள்கூட சறுக்கவில்லையே – ஏன்?

ஜூன் 17, செவ்வாய்

மழை. ஒன்பதாம் எண் எலி கடித்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், பிடியில் அவசரம்.

ஜூன் 18, புதன்

தினமும் மதியம் இரண்டு மணிக்குப் போகும் கரண்ட் இன்று போகவில்லை. சாறு குடித்த அதே எலிகள், அதே அளவு. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. முப்பத்தாறு.

கூண்டு கழுவிக்கொண்டிருந்த உதவியாள் பானு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஜெனரேட்டர்ல அந்தத் தடி சோம்பேறியாத்தான் சுத்தும், அக்கா. தெரியாதா?"

தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது.

ஜூன் 19, வியாழன்

தடியில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து எண்ணினேன். காலையில் நிமிஷத்துக்கு இருபது சுற்று. மதியம் ஜெனரேட்டரில் பதின்மூன்று. தண்ணீர் எலிகளைக் காலையிலேயே முடித்துவிடுவேன். சாறு எலிகள் எப்போதும் மதியம். எல்லாம் என் வசதிக்காக! மருந்து ஒன்றும் செய்யவில்லை. தடிதான் மெதுவாகச் சுற்றியது. மடச்சி, மடச்சி.

ஜூன் 20, வெள்ளி

சாரிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ரெண்டு வகையையும் கலந்து எடுக்கணும்னு முதல் வருஷப் பசங்களுக்கே தெரியுமேம்மா." கருத்தரங்கு இல்லை. ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்தால் அப்பா குளியலறை வாசலில் கிடக்கிறார். இடது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. தள்ளாட்டத்துக்கு என்ன மாத்திரை போடுகிறார் என்று டாக்டர் கேட்டார். தலையணைக்கு அடியில் அட்டை பிரிக்காமலே இருந்தது.

"பத்து நாளா போடல. திக்லிபூர்லருந்து என் கூட்டாளி சண்முகம் பஸ்ல அதே வேர் குடுத்துவுட்டான். அவிச்சுக் குடிக்கிறேன். நீதான சொன்ன, எழுவத்திரெண்டுன்னு?"

நான்தான் சொன்னேன்.

ஜூன் 21, சனி

இன்னும் சொல்லவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப எலிய நிக்கவச்சது ஜெனரேட்டரா?" சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மாத்திரையை நீட்டினேன். தள்ளிவிட்டார்.

"அன்னிக்கும் நீதான் சொன்ன, இன்னிக்கும் நீதான் சொல்ற. எத நம்புறது? மொதல்ல ஒழுங்கா எண்ணிட்டு வா."

 இந்த வேரையாவது குடிக்காதீங்க என்று கெஞ்சியதற்கு மட்டும் தலையாட்டினார்.

ஜூன் 25, புதன்

காலையிலேயே இரண்டு வகையும், மாற்றி மாற்றி. எது எந்த எலி என்று எனக்குத் தெரியாதபடி பானு எடுத்துக் கொடுக்கிறாள். மூன்று நாளாக அப்பா எதுவும் கேட்பதில்லை. சாப்பாட்டுத் தட்டோடு பேசுகிறார். சுவரைப் பிடித்தும் கால் தள்ளாடுகிறது. 

ஜூன் 27, வெள்ளி

கடைசி எலியையும் இறக்கியாயிற்று. செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல். "எத்தன, புள்ள?"

"ரெண்டு வகையும் நாப்பதுதாம்பா. ஒரு வித்தியாசமும் இல்ல."

 கட்டுப் போடாத கையை நீட்டினார். மாத்திரையை வைத்தேன்.