பேட்டரிக்குப் போன குளிர்

மார்ச் 4, புதன்

கார் ஏ.சி. இன்றும் நின்றுவிட்டது. போகும்போது ஒழுங்காகத்தான் இருந்தது. திரும்பும்போது, நீச்சல்குளத்து வாசலை விட்டுப் பெரிய சாலையில் ஏறியதும், காற்று வருகிறது, குளிர் இல்லை. விசிறியைக் கூட்டினேன். வெதுவெதுப்பாக முகத்தில் அடித்தது, அவ்வளவுதான்.

பக்கத்து சீட்டில் சின்னு. கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டு வாசலில் இறங்கும்போது வலது கால் எழும்பவில்லை. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தாள். முப்பது வருடம் செருப்புக் கடையில் அடுத்தவர் காலைத் தூக்கி வைத்துப் பழகியவள் அல்லவா? "எந்த சைஸ் வேணும் மேடம்?" என்று தன் காலையே கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன்.

என் தங்கையின் நரம்பு நோய்க்குச் சூடு ஆகாது. உடம்பு சூடேறினால் கால் சொன்ன பேச்சுக் கேட்காது. குளிர்ந்தால் தானே திரும்பிவரும். டாக்டர் சொன்னதை அவளுக்கு நான் இப்படி விளக்கினேன்: வகுப்பில் இரைச்சல் கூடினால் ஆசிரியர் சொல்வது கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. உன் கால்தான் கடைசி பெஞ்ச்.

"அப்ப என் மூளைதான் டீச்சரா? பாவம் அது" என்றாள்.

புதனும் சனியும் குளத்தில் பயிற்சி. அதுதான் அவளை நடக்க வைத்துக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் விட முடியாது.

மார்ச் 9, திங்கள்

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். ஐஸ்பெட்டியைத் திறந்த மாதிரி வந்தது. பல் டாக்டர் வாசலில் வலி நின்றுபோனவள்போல நான் நின்றேன்.

"ஒண்ணுமில்லை மேடம், நல்லாத்தான் இருக்கு."

கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். எந்தக் கோளாறும் பதிவாகவில்லையாம். "நிக்கிறப்பவே கொண்டாங்க மேடம். கண்ணால பாத்தாத்தான் கம்பெனிக்கு எழுத முடியும். பாக்காம வாரண்டியில பார்ட் மாத்த விடமாட்டாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் சின்னு அவருக்குப் பெயர் வைத்துவிட்டாள்: ஒண்ணுமில்லை. "ஒண்ணுமில்லை என்ன சொன்னாரு?" "ஒண்ணுமில்லைன்னு சொன்னாரு." இதையே மாற்றி மாற்றிச் சொல்லி ஒரு மாலை முழுக்கச் சிரித்தோம்.

மார்ச் 14, சனி

பழைய பெட்ரோல் வண்டியை விற்று இந்த மின்சாரக் காரை வாங்கியது நான். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "கிழடு ஆனாலும் குளுகுளுன்னு இருக்குக்கா அது." புகை, சத்தம், பூமி சூடாவது என்று நான் ஒரு பாடமே எடுத்தேன். இன்று திரும்பும் வழியில் மறுபடி ஏ.சி. நின்றபோது அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

மார்ச் 18, புதன்

முறையாகப் பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் அறிவியல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு. சட்டைப் பையில் ஓட்டை எங்கே என்று தெரிய வேண்டுமானால் எல்லாப் பையிலும் ஒரே சமயத்தில் கை விட்டால் தெரியுமா?

இன்று விசிறியை மட்டும் குறைத்தேன். அடுத்த முறை வெளிக்காற்றை அடைப்பேன். அதற்கடுத்து ஜன்னல். டாஷ்போர்டில் வெப்பமானி ஒன்றை நிறுத்தி வைத்தேன்.

"அது எதுக்குக்கா?" என்றாள் சின்னு. "நான்தான் பக்கத்துலயே உக்காந்திருக்கேனே."

மார்ச் 20, வெள்ளி

தனியாகக் கடைக்குப் போய்வந்தேன். போகவும் வரவும் ஏ.சி. அருமை. எரிச்சலாக வந்தது.

மார்ச் 25, புதன்

வெளிக்காற்றை அடைத்துப் பார்த்தேன். பயனில்லை. சின்னு மாடிப்படியில் இரண்டு முறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள்.

"வெயில் குறையற வரைக்கும் டாக்சியில போயிக்கறேனே" என்றாள்.

"சொந்த வண்டி வாசல்ல நிக்கும்போது எதுக்கு டாக்சி? இன்னும் கொஞ்சம் பொறு. கிட்ட வந்துட்டேன்."

பொறுத்தாள். என்னுடைய பொறுமையை எல்லோரும் புகழ்வார்கள். பணிநிறைவு விழாவில் ஏழு பேர் பேசினார்கள், ஏழு பேரும் அதைத்தான் சொன்னார்கள்.

ஏப்ரல் 4, சனி

பிடித்துவிட்டேன்!

சின்னு குளத்தில் இருக்கும் நேரத்தில் நான் வாசலிலுள்ள வேகச் சார்ஜரில் வண்டியை மாட்டிவிட்டு மரத்தடி பெஞ்சில் படித்துக்கொண்டிருப்பேன். இன்று பெஞ்சில் வேறு யாரோ இருந்தார்கள் என்று வண்டிக்குள்ளேயே உட்கார்ந்தேன். ஏ.சி.யைப் போடவில்லை. ஆனாலும் முன்பக்கம் கம்ப்ரசர் 'கும்'மென்று இரைகிறது. யாருக்காக? பேட்டரிக்காக! வேகமாகச் சார்ஜ் ஏறினால் பேட்டரி கொதிக்கும். அதை ஆற்றுவதும் அதே ஏ.சி.தான்.

ஒரு அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரு தம்ளர் பால். காய்ச்சல்காரக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்தால்தான் மற்றதற்கு. பால் நிறைய இருந்தால் இரண்டுக்கும் போதும். எங்கள் வண்டியில் எங்கோ குளிரூட்டும் வாயு கசிந்து பால் குறைந்திருக்கிறது. அதனால் சார்ஜ் போட்ட கையோடு கிளம்பினால் குளிர் முழுக்கப் பேட்டரிக்கே போய்விடுகிறது. வீட்டில் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை. சர்வீஸ் சென்டரில் ஏன் நல்லபிள்ளையாக இருந்தது? வீட்டிலிருந்து நேராகப் போனேன், அதனால்!

சாப்பாட்டு மேஜையில் பழைய உறை ஒன்றின் பின்னால் படம் போட்டுச் சின்னுவுக்கு விளக்கினேன். கடைசிவரை கேட்டாள்.

"அப்ப நான் குளத்துல இருக்கறப்ப நீ சார்ஜ் போடாம இருந்திருந்தா, வர்ற வழியெல்லாம் குளிரா இருந்திருக்கும்?"

"ஆமா."

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையா இருக்கே. சரி, இனிமே வீட்டுலயே போடு."

போடுகிறேன் என்றேன். அவள் கேட்ட கேள்வியின் முதல் பாதி, இதை எழுதும்போதுதான் என் காதில் விழுகிறது. ஒரு மாதமாக அவளை வேகவைத்தது நான்.

ஏப்ரல் 8, புதன்

இரவே வீட்டில் சார்ஜ் ஏற்றிவிட்டேன். போகவும் குளிர், வரவும் குளிர். சின்னு கதவைப் பிடித்துத் தானே இறங்கினாள். படியில் உட்காரவில்லை. மாடி ஏறி, ஜன்னலைத் திறந்து, கீழே நின்ற என்னைப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, இன்னும் வரலியா?" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெயில்.

ஏப்ரல் 14, செவ்வாய்

கோளாறு அப்படியேதான் இருக்கிறது. நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறோம், அவ்வளவே. கோடை முற்றினால் சார்ஜ் போடாமலேயே பேட்டரி கொதிக்கும். வாரண்டியோ இந்த மாதத்தோடு முடிகிறது. கண்ணால் பார்த்தால்தான் எழுதுவார்களாம்.

நாளை குளத்தில் சார்ஜ் போட்டு, அங்கிருந்து நேரே சர்வீஸ் சென்டர். நிற்கும்போதே காட்டிவிடலாம். வீட்டுக்குப் போகிற வழிதானே. சின்னுவிடம் சொல்லவில்லை. சொன்னால் வீணாகப் பயப்படுவாள். ஒரே ஒரு தடவை.

ஏப்ரல் 15

சின்னுவின் மணிக்கட்டு உடைந்துவிட்டது. வலது கை. வெளியே போகும்போது ஊன்றுகோல் பிடிக்கிற கை.

ஏப்ரல் 16, வியாழன்

எழுதிவிட வேண்டும்.

குளத்திலிருந்து வந்து உட்கார்ந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சார்ஜ் போட்டியாக்கா?" என்றாள். "கொஞ்சம்" என்றேன். பொய். நல்ல வெயில். சிக்னலில் நிற்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன், சிவந்திருந்தது. பாதியில் நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்குத் திருப்பியிருக்கலாம். ஏதாவது கடைக்குள் உட்கார வைத்திருக்கலாம். எத்தனை 'கலாம்'! காற்று சூடாக வரவர எனக்குள் ஒரு — என்ன சொல்வது — மகிழ்ச்சி. ஆமாம், மகிழ்ச்சிதான். ஆய்வுக்கூடத்தில் திரவம் நான் சொன்ன நிறத்துக்கு மாறும்போது வருமே, அது.

சர்வீஸ் சென்டரில் எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டிகள். பேட்டரி ஆறிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து இறங்கி ஓடினேன். அவளை உள்ளேயே விட்டுவிட்டு. என் வயதில் ஓடினேன். "சீக்கிரம் வாங்க, இப்ப நிக்குது, இப்பவே வாங்க" என்று மெக்கானிக்கின் கையைப் பிடித்து இழுக்காத குறை.

திரும்பி வந்தபோது சின்னு சிமெண்டுத் தரையில் கிடந்தாள். உள்ளே தாங்காமல் இறங்கியிருக்கிறாள். கால் வரவில்லை. கையை ஊன்றியிருக்கிறாள்.

இரண்டு பேர் அவளைத் தூக்கினார்கள். அப்போது நான் —

அப்போது நான் மெக்கானிக்கைப் பார்த்து, "பாத்தீங்கல்ல, சூடாத்தானே வருது?" என்று கேட்டேன்.

கேட்டேன். என் வாய்தான். ஏன் கேட்டே? தங்கச்சி தரையில கிடக்கறா, உனக்கு அதுவா முக்கியம்?  அந்த மனுஷன் நாற்காலி கொண்டுவர ஓடினார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அவளுக்குச் சோறு ஊட்டினேன். நாலு வாய்க்குப் பிறகு போதும் என்றாள். தானாகவே பேசினாள். கோபமே இல்லாத குரல்.

"கீழ கிடந்தப்ப நீ கேட்டது என் காதுல விழுந்துச்சுக்கா."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஐஸ் தண்ணி எடுத்திருப்பேன், ஈரத்துண்டு எடுத்திருப்பேன். ஜம்முனு வந்திருப்பேன். உன் வண்டிக்காக இல்ல, உனக்காக. ஒரு வார்த்தை கேக்கலியே நீ."

"பயப்படுவியோன்னு..."

"நான் பயப்படுவேன்னா, இல்ல, வேண்டாம்னு சொல்லிடுவேன்னா?"

பதில் தெரியும். சொல்லவில்லை. தவளையை அறுக்கும் முன் தவளையிடம் யாரும் கேட்பதில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

வண்டி வந்துவிட்டது. குழாய் இணைப்பு ஒன்றில் மயிரிழைக் கசிவு. மாற்றிவிட்டார்கள், வாரண்டியிலேயே. "நீங்க நேர்ல காட்டினதாலதான் மேடம் கம்பெனி ஒத்துக்கிச்சு" என்றார் மெக்கானிக். பிறகு தயங்கி, "உங்க தங்கச்சி கை எப்படி இருக்கு?" என்றார். நான் சரியாக நினைத்தேன், சரியாகவே செய்தேன் என்பதற்கு முத்திரை குத்திய தாள் கையில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மே 6, புதன்

கட்டுப் போட்ட கையோடு குளத்தில் இறங்க முடியாது. பயிற்சி இல்லாமல் மூன்றாவது வாரம். அறையிலிருந்து கூடத்துக்கு வர நாற்காலி முதுகுகளைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அவளுக்காக நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவைத்தேன். அவற்றில் ஒன்றை மட்டும் நகர்த்தி, தனக்கு வேண்டிய இடத்தில் வைத்தாள்.

மே 18, திங்கள்

குளத்தில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் வந்திருந்தாள். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் தரைத்தள வீடு ஒன்று காலியாகிறதாம். அந்தப் பகுதியில் இருப்பவர்களைக் குளத்து வேனே வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். செய்தி எனக்கு மட்டும்தான் புதிது என்பது சின்னுவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"ஏ.சி. இப்ப சரியாயிடுச்சே சின்னு" என்றேன்.

"தெரியும்க்கா. சரியாயிடுச்சு."

இரவு விளக்கை அணைக்கும்போது, "உன் மேல கோவம் எல்லாம் இல்ல. உன்கூட இருந்தா நான் எதுக்காவது உதாரணமாயிடறேன். கொஞ்ச நாள் அங்க போயி சும்மா இருந்து பாக்கறேனே" என்றாள்.

வாதாட எனக்கு ஆயிரம் உதாரணம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். இதை ஒரு மாதம் முன்னால் செய்திருக்க வேண்டும்.

மே 30, சனி

சாமான் ஏற்றினார்கள். அவளுடைய பொருள் இவ்வளவு குறைவு என்று தெரியாது.

ஜூன் 2

வீட்டில் சத்தம் இல்லை.

ஜூன் 17, புதன்

கட்டுப் பிரித்துப் பயிற்சிக்கு மீண்டும் போகிறாள் என்று கேள்விப்பட்டு, திரைச்சீலைகளைத் தைத்து எடுத்துக்கொண்டு போனேன். சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். ஏப்ரலில் அவளுக்கு அது தேவைப்படவில்லை. நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். "இது புது செருப்பு. ரெண்டு வாரத்துல பழகிடும்" என்றாள்.

திரைச்சீலையின் நிறம் நன்றாக இருக்கிறதாம். டீ போட எழுந்தவளை, நான் போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, "நான் போடட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம், நானே போடறேன்" என்றாள். போட்டாள். நேரம் ஆயிற்று. குடித்தேன்.

தம்ளரைக் கழுவும்போது வாசலில் ஹாரன். குளத்து வேன். டிரைவர் இறங்கி வந்து நடைவண்டியை வாங்கிக்கொண்டார். "என்னக்கா, இன்னிக்கு லேட்டு? குளம் வத்திடப் போகுது."

"வத்தினா தரையில நீந்தறேன். நீங்க வண்டிய ஓட்டுங்க."

உள்ளே நாலைந்து பேர் சிரித்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்தார். அவளுடைய நீச்சல் பையோடு நான் அவள் பின்னாலேயே நின்றிருந்தேன்.

"இவங்களும் வர்றாங்களா?"

"இல்லைங்க" என்றாள் சின்னு. "எங்க அக்கா. பாக்க வந்திருக்காங்க."

பையை வாங்கிக்கொண்டாள். கதவு மூடியது. கையசைத்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், என்னைக் கவனிக்கவில்லை. கண்ணாடிகள் எல்லாம் மூடியிருந்தன. உள்ளே ஏ.சி. ஓடுகிறதாக இருக்கும்.