நேர்த்திக்கு அடித்த மொட்டை

மாமி,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. நேற்று உங்கள் அலுமாரியை ஒதுக்கியபோது, மேல்தட்டில் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த பேன்சீப்பு அகப்பட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு சேலைகளை மச்சாள்மார் பங்கு போட்டுக்கொண்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். கற்பூரமும் தேங்காயெண்ணெயும் கலந்த உங்கள் மணம். செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் கதைக்க வேண்டும் என்பார்கள். அந்தியேட்டி வரைக்கும் அப்படித்தான் கதைத்தேன். இனி ஏலாது.

நீங்கள் அப்பாவின் மூத்த அக்கா. லிங்கநகர் வீடு உங்கள் சீதன வீடு. மாமா செத்தபின் துணைக்கென்று எங்களை அழைத்து வைத்துக்கொண்டீர்கள். அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். அங்கே எப்படியோ, வீட்டில் நீங்கள் சொன்னால் சரி. அம்மா குசினியை விட்டு வெளியே வந்தால் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். இரவில் நான் உங்கள் பக்கத்தில், ஒரே பாயில் படுப்பேன். ஆனால் உங்கள் கொண்டையை மட்டும் ஒருவரும் தொடக்கூடாது.

பள்ளிக்கூடத்தில் ரெஜினாவும் நானும் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அவளுடைய தகப்பன் தோணியில் போகிறவர். தாய் கூடையில் மீன் கொண்டு நம் படலை வாசலுக்கு வருவார். ரீச்சர் கணக்கை எழுதி முடிக்குமுன் ரெஜினா விடையைச் சொல்லிவிடுவாள். பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக வேண்டும் என்பது அவள் ஆசை. கேட்கிற எல்லோரிடமும் சொல்லுவாள்.

ஒருநாள் பின்னேரம் நான் தலையைச் சொறிவதைக் கண்டுவிட்டீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மயிரை வகிர்ந்து பார்த்தீர்கள்.

“பேன். உந்த மீன்காரியின்ரை பெட்டையிட்டையிருந்துதான் வந்திருக்கு. வேறை ஆரிட்டை? நாளைக்கே மொட்டை அடிக்க வேண்டியதுதான்.”

“மண்ணெண்ணெய் பூசிச் சீப்பாலை இழுத்தாப் போயிடும் மச்சாள்,” என்று அம்மா மெல்லச் சொன்னார். “தலையை வழிக்க வேண்டாம்.”

“மண்ணெண்ணெய் மணத்தோடை பள்ளிக்கூடம் போனா ஆக்கள் என்ன கதைப்பினம்?”

மறுநாள் காலை என்னைக் கோயிலுக்கு இழுத்துப்போனீர்கள். இடுப்புவரை கிடந்த என் பின்னல் மண்ணில் விழுந்தது. தலை முழுக்கச் சந்தனம் பூசினீர்கள். நான் விக்கி விக்கி அழ, கோயிலுக்குக் குடுத்ததுக்கு அழக்கூடாது என்று தொடையில் கிள்ளினீர்கள். வீடு வீடாகப் பொங்கல் கொடுத்தீர்கள். “தகப்பனுக்குக் காய்ச்சல் மாறினதுக்கு நேர்த்தி” என்றீர்கள். அந்த வருஷம் அப்பா ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

அதோடு விட்டீர்களா? திங்கட்கிழமை என்னோடு வகுப்புக்கே வந்தீர்கள்.

“ரீச்சர், இது கோயிலுக்குக் குடுத்த தலை. பக்கத்திலை அந்தப் பிள்ளையை இருத்தாதேங்கோ. அவளுக்குத் தலை முழுக்கப் பேன்.”

ரெஜினாவின் தலையில் பேன் இருந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பின்சுவரோடு தனி வாங்கில் இருத்தினார்கள். பிள்ளைகள் என் மொட்டைத் தலையைத் தொட்டுக் கும்பிட்டார்கள்; அவளைப் பேன்காரி என்று கூப்பிட்டார்கள். எனக்குப் பிடித்தால் பக்தி, அவளுக்குப் பிடித்தால் அழுக்கு. நல்ல நியாயம், மாமி.

இடைவேளையில் அவள் வந்து, “நீ சொன்னனியோ?” என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பினாளோ தெரியாது. தவணை விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. புல்மோட்டையில் சொந்தக்காரரோடு கருவாடு காயவைக்கப் போய்விட்டாள் என்றார்கள். அவளுடைய தாயும் பிறகு நம் படலைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நல்ல மீன் கிடைப்பதில்லை என்று அதற்கும் நீங்கள் குறைப்பட்டீர்கள்.

என் மயிர் விரல் நீளத்துக்கு வளர்ந்தபோது மறுபடி பேன் கடித்தது. அப்போது ரெஜினா ஊரிலேயே இல்லை. அன்று பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டது. உங்கள் அறைக் கதவைத் தள்ளினேன். கொண்டையை அவிழ்த்துப் போட்டபடி கதிரையில் இருந்தீர்கள். மடியில் வெள்ளைத்துணி, கையில் இந்தச் சீப்பு. துணியில் கறுப்புக் கறுப்பாக ஊர்ந்தன. ஒன்றை நகத்தால் குத்திவிட்டு நிமிர்ந்தீர்கள். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

“கதவைச் சாத்து. என்ரை தலையிலை பேன் எண்டு நீ சொன்னா ஆர் நம்புவினம்? சொல்லிப் பார்.”

அம்மாவிடம் சொன்னேன். “தெரியும் பிள்ளை. வாயைப் பொத்திக்கொண்டு இரு. நாங்கள் இந்த வீட்டிலை இருக்க வேணும்,” என்றார்.

உங்கள் செத்தவீட்டுக்கு ரெஜினா வந்தாள், தெரியுமா? அவள் நர்ஸ் ஆகவில்லை. இன்னமும் கருவாடுதான். நம் பெண்கள் செத்தவீட்டில் தலையோடு தலை முட்டி அழுவார்கள். ரெஜினாவும் என்னைக் கட்டிப்பிடித்தாள். ஆனால் தலையை மட்டும் எட்டப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்காக அன்று எனக்கு வந்த கொஞ்சக் கண்ணீரும் அதோடு நின்றுவிட்டது. உங்களை நான் மன்னிக்கவில்லை. சாம்பலாகிவிட்டீர்கள் என்பதற்காக மன்னிக்கப்போவதும் இல்லை.

கடைசி மாதங்களில் தனியே படுக்கப் பயம் என்று என் மகளை உங்கள் பக்கத்தில் படுக்க வைத்தீர்கள். நானும் விட்டேன். இப்போது அவள் சொறிகிறாள். நேற்றுப் பின்னேரம் றோட்டால் போகிறவர்கள் பார்க்க, முன்விறாந்தையில் வெள்ளைத்துணியை விரித்து உங்கள் சீப்பாலேயே வாரினேன். பொலுபொலுவென்று விழுந்தன.

“வகுப்பிலை கனபேருக்கு இருக்கம்மா,” என்றாள். “புல்மோட்டையாலை வந்த பிள்ளைதான் கொண்டுவந்ததாம். ரீச்சர் அவளைப் பின்னுக்குத் தனிய இருத்திப்போட்டா.”

சீப்பு மயிருக்குள் அப்படியே நின்றது. “அவள் அழுதவளோ?” என்று கேட்டேன்.

“ஓம்.”

நாளை, திங்கட்கிழமை காலை, இந்தச் சீப்போடு பள்ளிக்கூடம் போகிறேன். பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லப்போகிறேன்: “பேன் எங்கடை வீட்டிலையிருந்து வந்தது. என்ரை மாமியின்ரை கொண்டைக்குள்ளையிருந்து.” உங்கள் முழுப் பெயரையும் சொல்லுவேன். பிறகு அந்தப் பிள்ளை எழும்பி வந்து என் மகளுக்குப் பக்கத்தில் இருக்கும்வரை, வகுப்பு வாசலை விட்டு அசையமாட்டேன்.