பீமின் ஓரத்தில் ஓர் ஓட்டை

அன்பு மகளுக்கு, உன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் சுகம், வீட்டுக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். இனி நான் சொல்லப்போவது பூலோகத்தில் ஒரு ஜீவன்கூட நம்பாத கதை, சித்தி தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

மாடியில் புதுக் குளியலறை கட்டுகிறோம் அல்லவா, அதன் தண்ணீர் வெளியேறும் குழாய், கீழே தையல்காரர் கடைக்கு மேல் மாடியைத் தாங்கி ஓடும் கான்கிரீட் பீமைக் குடைந்துகொண்டுதான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. பிளம்பர் ஓர் இயந்திரத்தோடு வந்தார், அதை இறக்கவே எட்டு யானை, அது போட்ட சத்தத்தில் அடுத்த தெருவில் மூன்று பேருக்குப் பொய்ப்பல் கழன்று விழுந்தது. ஓட்டையை நடுவில் போடவா ஓரத்தில் போடவா என்று கேட்டார். கட்டட இஞ்சினியருக்குப் படித்த நீ லீவுக்கு வந்தபோது இரண்டு புத்தகத்தின் மேல் அடிஸ்கேலை வைத்து அமுக்கி, நடுவில்தான் அதிகம் வளையும் சித்தப்பா என்று காட்டினாயே, நீ மிச்சத்தைச் சொல்வதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டதே, அந்த அரைப் பாடம் ஞானோதயம் மாதிரி நினைவுக்கு வந்தது. நடுவைத் தொடாதே, ஓரம்தான் தூண்மேல் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது, அங்கே போடு என்று மகாராஜா மாதிரி கை நீட்டினேன். உள்ளே வளையமா ரெண்டு கம்பி தடுக்குதே சார், அறுக்கவா என்றார். வளையல்தானே, அறுங்க என்றேன்.

அடுத்த வாரமே ஓட்டையிலிருந்து தூண் பக்கமாகச் சாய்வாக ஒரு விரிசல், அதில் லாரியைத் திருப்பலாம். பார்க்க வந்த இஞ்சினியர் அம்மா என் பிரசங்கத்தை முழுதும் கேட்டுவிட்டு, பீம் சுமக்கிற பாரமெல்லாம் ஓரத்தில்தான் தூணுக்குக் கைமாறுகிறது, அங்கேதான் அது சாய்வாகப் பிளக்கப் பார்க்கும், பிளக்க விடாமல் இழுத்துப் பிடிக்கத்தான் அந்த வளையங்களை ஓரத்தில் நெருக்கிப் போடுகிறோம் என்றார். நடுவில் வளைந்தால் முதலில் தொங்கிக் காட்டும், இப்படி ஓரத்தில் பிளந்தால் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும், கடையை உடனே காலி பண்ணுங்க என்றார். இரும்பு முட்டு கொடுத்திருக்கிறது, அதை மட்டும் நம்பக்கூடாதாம்.

தையல்காரரோ நகரமாட்டேன் என்கிறார். உங்க பொண்ணே சொல்லிப் போட்ட ஓட்டை, இந்தம்மாவுக்கு என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டே பெடலை மிதிக்கிறார். ஓட்டை போட்ட அன்று அவர் பயந்தபோது, என் மகள் போனில் சொல்லித்தான் போடுகிறோம் என்று அடித்துவிட்டது நான்தான் கண்ணு. என் வாழ்நாளில் எத்தனையோ புளுகியிருக்கிறேன், ஒன்றுக்கும் உடம்பு இப்படிக் கூசியதில்லை, உன் படிப்பை எடுத்து என் அவசரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். துணி வாங்க வந்தவர்கள் முன்னாலேயே உண்மையைச் சொன்னேன். நீங்க எப்பவும் இப்படித்தான் விளையாடுவீங்க என்று சொல்லி ஊசியில் நூல் கோத்தார். நான் சொன்னால் நம்ப ஆளில்லை, அப்படி வாழ்ந்திருக்கிறேன்.

உன்னிடம் பேச வாய் வரவில்லை, அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். படித்த கையோடு அவருக்குப் போன் போடு, ஓட்டை போட நான் சொல்லவே இல்லை, எழுந்து வெளியே வாங்க என்று உன் வாயால் சொல். என்னை அப்புறம் திட்டிக்கொள். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். யானையையும் பொய்ப்பல்லையும் லாரியையும் நம்பாதே, விரிசல் தலைமுடி அளவுதான். அவருடைய நாற்காலிக்கு நேர் மேலே இருக்கிறது, அது மட்டும் நிஜம்.

முகம் காட்ட வெட்கப்படும்,
உன் சித்தப்பா