பேசிக்கொண்டே ஏறும் சரிவு

அக்கா,

இன்று காலை ஆபீசில் புதிதாக எடுத்த அம்மோனியா பிரிண்ட் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார்கள். ஏதோ ஒரு தொழிற்சாலைக் கூரையின் வரைபட நகல். அந்தக் காட்டமான நெடி ஏறியதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர், "என்ன சார், இத்தனை வருஷமா இந்த நெடியிலதானே குப்பை கொட்டறோம், இன்னுமா பழகல?" என்று சிரித்தார். பழகாமல் என்ன. நான் உங்களை நினைத்துக்கொண்டேன். நம் பாலத்தின் முதல் பிரிண்டை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தபோது, முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்க பிரசவ ஆஸ்பத்திரி ஃபினாயிலே தேவலை தம்பி" என்றீர்கள்.

நீங்கள் போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வரவில்லை. இப்போது சொல்லி ஆகப் போவதும் ஒன்றுமில்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

தாம்பரத்துக்கும் இரும்புலியூருக்கும் நடுவே இருந்த அந்த ரயில்வே கேட்டில்தான் உங்களை முதலில் பார்த்தேன். கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று அந்தக் காலத்தில் கேட்மேனுக்கே தெரியாது. எலெக்ட்ரிக் வண்டி ஒன்று போகும், எதிர் வண்டி ஒன்று வரும், இரண்டும் போன பிறகு ஒரு கூட்ஸ் ஆடி அசைந்து வந்து நடுவில் நின்றுகொள்ளும். அன்று சித்திரை மாதத்து மத்தியானம். மேற்குப் பக்கத்தில் ஒரு மாட்டு வண்டியில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. கிழக்கே வேறொரு பிரசவத்தை முடித்துவிட்டு நீங்கள் சைக்கிளில் திரும்பி வந்து அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தீர்கள். நடுவே கூட்ஸ். இந்தப் பக்கத்துப் பெண்கள் போட்ட கூச்சல் உங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்ததாம். கேட் திறந்து நீங்கள் ஓடி வந்தபோது குழந்தை பிறந்திருந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, மூச்சு இல்லை.

தாய்மேல் வெயில் படாமல் குடை பிடிக்க யாராவது வாருங்கள் என்று நீங்கள் கூப்பிட, ரயிலைவிட்டு இறங்கி நடந்து வந்துகொண்டிருந்த நான் போய் நின்றேன். எல்லாம் முடிந்து, டீக்கடைத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே, "அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா போதும்" என்றீர்கள். குறிப்பாக யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க தம்பி?" என்று கேட்டீர்கள். கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன் என்றேன். படம் வரைகிற வேலை என்று விளக்கினேன்.

"அப்ப ஒரு பாலம் வரைங்க. பெரிசா ஒண்ணும் வேணாம். நானும் என் சைக்கிளும் போனா போதும்."

நீங்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. சர்ச்சில் பூசை முடிந்து, தலை முக்காட்டைக்கூட எடுக்காமல் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினீர்கள். ஒரு மாதத்துக்குள் கமிட்டி உருவாகிவிட்டது. கேட்டுக்கு மேற்கே தென்னந்தோப்பு வைத்திருந்தவர் தலைவர், நான் செயலாளர். உங்களுக்குப் பதவி ஒன்றும் இல்லை, வேலை மட்டும்தான். "அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்" என்று சொல்லிச் சொல்லியே மனு மேல் மனுவாகப் போட வைத்தீர்கள். கடைசியில் ரயில்வே மேலிடத்திலிருந்து பதில் வந்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒரு மேம்பாலம் பற்றி யோசிக்கலாம், உத்தேசப் படமும் பொதுமக்கள் கருத்தும் எழுத்து மூலம் அனுப்பவும் என்று இருந்தது.

படம் வரைய நான் ஸ்கேலை எடுத்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். சைக்கிளில் சுமை தள்ளுகிறவனுக்கு எவ்வளவு சரிவு தாங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் உங்கள் கேள்வி. புத்தகத்தில் இருக்கிறது என்றேன். "புத்தகமா பால் கேன் தள்ளுது?" என்றீர்கள். அதற்குப் பிறகு நாம் செய்ததை இன்றைக்கும் எந்த இன்ஜினியரிடம் சொன்னாலும் சிரிப்பான். பால்காரர்களையும் காய்கறிக்காரர்களையும் முழுச் சுமையோடு இரும்புலியூர் ஏரிக்கரைக்கு வரவழைத்தீர்கள். கரையில் ஓரிடம் செங்குத்து, ஓரிடம் சாய்வு, ஓரிடம் இன்னும் மெதுவான சாய்வு. ஒவ்வோர் இடத்திலும் அவர்களைத் தள்ளிக்கொண்டு ஏறச் சொல்லி, கூடவே நடந்தபடி பேச்சுக் கொடுத்தீர்கள். எத்தனை பிள்ளைகள், பெரியவள் வயதுக்கு வந்துவிட்டாளா, மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது. பேச்சு எங்கே நிற்கிறதோ அந்தச் சரிவு ஆகாது. இரண்டு கேன் கட்டிய ஒரு பால்காரர் மேலே நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அங்க மூச்சு வாங்குது நர்சம்மா. இங்க சோக்கா கீது, பேசிகினே ஏறலாம்."

நான் அந்த இடத்தில் டேப் பிடித்து அளந்தேன். அதுதான் நம் சரிவு. காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது அது மிக நீளமாக வந்தது. மேற்குப் பக்கம் தலைவரின் தோப்பில் ஓரமாக ஒரு வரிசைத் தென்னையைத் தின்றுவிட்டுத்தான் இறங்கியது. தலைவர் படத்தைப் பார்த்தார். வெற்றிலையை மெதுவாக மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது பொதுமக்கள் கருத்து. டீக்கடையில் ஒரு நோட்டும் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டது என் யோசனை. எனக்கு அதில் பெருமை வேறு. ஆபீஸ் போகிறவர்கள், காலேஜ் வாத்தியார்கள், பென்ஷன்காரர்கள் எல்லாரும் எழுதினார்கள். விளக்கு வேண்டும், மழைக்குக் கூரை வேண்டும், சரிவெல்லாம் ஆடம்பரம், படிக்கட்டே போதும், சீக்கிரம் கட்டுங்கள். தலைவரும் அழகான கையெழுத்தில் படிக்கட்டே போதும் என்று எழுதியிருந்தார். சைக்கிள் தள்ளுகிறவர்கள் ஒருவரும் எழுதவில்லை. எழுதத் தெரியாது. கைநாட்டு வைக்கச் சொன்னால் பின்வாங்கினார்கள். எப்போதோ ஏதோ ஒரு காகிதத்தில் அப்பன் வைத்த கைநாட்டால் நிலம் போன குடும்பங்கள் அவை. "வாயால எத்தினி தபா வேணா சொல்றோம், மை மட்டும் வாணாம்" என்றார்கள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெரிய கண்ணாடி மருந்துப் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். சரிவு வேண்டுகிறவன் ஒரு புளியங்கொட்டை போடட்டும். படி போதும் என்பவன் ஒரு கூழாங்கல் போடட்டும். பத்தே நாளில் பாட்டில் கழுத்து வரை நிரம்பியது. தேடிப் பார்த்தால்தான் கூழாங்கல் தெரிந்தது. நீங்கள் அதைக் குலுக்கிக் காட்டி, "பாத்தீங்களா தம்பி, எங்க கட்சி" என்று சின்னப் பெண்போலச் சிரித்தீர்கள்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனிமேல் நடந்ததைத்தான் நான் உங்களிடம் மாற்றிச் சொன்னேன்.

நோட்டையும் படத்தையும் எடுத்துக்கொண்டு நானும் தலைவரும்தான் மேலிடத்துக்குப் போனோம். உங்களுக்கு அன்று டியூட்டி. பாட்டிலை என் பையில் வைத்து, "இதையும் மேஜை மேல வைங்க" என்று அனுப்பினீர்கள். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "நோட்டுல படின்னு இருக்கு, படத்துல சரிவு இருக்கே? சரிவுன்னா நிலம் எடுக்கணும், வருஷக்கணக்காகும். படின்னா இந்த வருஷமே முடிச்சிரலாம். எப்படி, உங்க ஜனங்களுக்குச் சரிவு வேணும்னு ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார்.

பை என் மடியில் இருந்தது. பாட்டில் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. சுத்தமான மேஜை, சுழலும் ஃபேன், வெள்ளைச் சட்டை போட்ட மனிதர். அவர் முன்னால் புளியங்கொட்டையை எடுத்து வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா. அவ்வளவுதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை. தலைவர் என்னை மிரட்டவில்லை, யாரும் எனக்கு எதுவும் தரவில்லை. என் கையால் வரைந்த ஒன்று இந்த வருஷமே எழுந்து நிற்கும் என்ற ஆசையும் கூட இருந்தது. "ஆதாரம்னு ஒண்ணும் இல்ல சார்" என்றேன். அடுத்த ஞாயிறு ஒரே உட்காரலில் படிக்கட்டுப் படம் வரைந்து, திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். புளியங்கொட்டையை வரும் வழியில் சைதாப்பேட்டைப் பாலத்திலிருந்து ஆற்றில் கொட்டினேன்.

உங்களிடம், "மேல மாத்திட்டாங்க அக்கா" என்றேன்.

நீங்கள் நம்பினீர்கள். மேலே மாற்றிவிடுவார்கள் என்பதை நம் ஜனங்கள் எப்போதும் சுலபமாக நம்பிவிடுகிறார்கள்.

பாலம் வந்தது. மாலை போட்டார்கள், தலைவர் பேசினார், நீங்களும் ஓரமாக நின்று கைதட்டினீர்கள். பாலம் வந்த கையோடு கேட்டை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பினார்கள். மேம்பாலம் இருக்கும்போது கேட் எதற்கு என்றார்கள். நியாயம்தானே. இதை நாம் யாரும் யோசிக்கவே இல்லை. முன்பு காத்திருந்தாவது தள்ளிக்கொண்டு போனவர்கள், இப்போது கேனைக் கழற்றி மேலே வைத்துவிட்டு, திரும்ப இறங்கி வந்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நீங்களும் தூக்கினீர்கள். ஐம்பதை நெருங்குகிற பெண், ஒரு கையில் பிரசவப் பை, மறு தோளில் சைக்கிள். எதிரே பார்த்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒருமுறை நீங்களாகவே கூப்பிட்டு, "மாசமா இருக்கறவ வயித்தத் தூக்கிட்டு ஏறலையா, நான் சைக்கிளத் தூக்க மாட்டேனா?" என்றீர்கள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு சாயங்காலம், செலையூர்ப் பக்கம் ஒரு தலைப்பிரசவத்துக்குப் போகும்போது, கிழக்குப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தீர்கள். இடுப்பு எலும்பு. சைக்கிள் மேலே விழுந்திருக்கிறது. அந்த நிலையிலும் தூக்க வந்தவர்களிடம் பையைக் கொடுத்து, யாராவது ஓடிப்போய்ப் பக்கத்து ஊர் மருத்துவச்சியைக் கூட்டிவாருங்கள் என்றுதான் சொன்னீர்களாம்.

அதன் பிறகு நீங்கள் எழுந்திருக்கவில்லை. படுக்கையிலேயே ஐந்து மாதம். நான் வாராவாரம் ஹார்லிக்ஸோ ஆரஞ்சுப் பழமோ வாங்கிக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்காருவேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்புவேன். முதுகுப் புண்ணுக்கு உங்கள் தங்கை மருந்து போடும்போது நான் வெளியே நின்றிருப்பேன். நீங்கள் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும். திரும்ப உள்ளே வந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள். சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நீங்க என்னை விட இளைச்சுப் போயிட்டீங்க?" என்றீர்கள். நான் குனிந்துகொண்டேன். என் கைமேல் கையை வைத்தீர்கள். காய்ச்சலில் சுட்டது.

"மனசு உட்டுறாதீங்க. உங்க படம் நல்ல படம். அவனுங்கதான் கெடுத்துட்டானுங்க."

நான் அழுதேன். நட்புக்காக அழுகிறேன் என்று நீங்கள் நினைத்து, என்னைத் தேற்றினீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்தவனையே பக்கத்தில் உட்கார வைத்துத் தேற்றியவர் நீங்கள் ஒருவர்தான். ஈஸ்டருக்குள் போய்விட்டீர்கள். பால்காரர்கள் எல்லாரும் கேனைக் கட்டியபடியே கல்லறைக்கு வந்திருந்தார்கள்.

நான்தான் அக்கா. மேலே யாரும் மாற்றவில்லை. நான்தான்.

எழுதிவிட்டேன். மனம் லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. மன்னிப்பைக் கேட்டு வாங்க ஆள் இல்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு இருந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

சாயங்காலம் ரயிலைவிட்டு இறங்கியதும் நான் நேரே வீட்டுக்குப் போவதில்லை. பாலத்தடியில் நிற்கிறேன். சுமையோடு வருகிறவர்களுக்குச் சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்து மேலே ஏற்றிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து பேர், ஆறு பேர். அதற்குமேல் இந்த உடம்பில் தெம்பு இல்லை. மற்றவர்கள் தாங்களே தூக்கிக்கொண்டு போகிறார்கள். காலையில், மத்தியானத்தில், நான் ஆபீசில் இருக்கும் நேரமெல்லாம் தூக்குகிறவர்களுக்கு யாரும் இல்லை. இது பரிகாரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

போன வாரம் படப்பையிலிருந்து கத்தரிக்காய் மூட்டையோடு வந்த ஒருவர். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றோம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா பாலம் சார் இது? இத்த வரைஞ்ச கஸ்மாலம் ஒரு நாளாவது சைக்கிள தூக்கிகினு ஏறி இருப்பானா?" என்றார்.

உங்களிடம் வராத வாய் அவரிடம் வந்துவிட்டது. "நான்தாம்பா வரைஞ்சேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லா தமாஸ் பண்ற சார் நீ. தெனம் நின்னு தூக்கி வுடுற மனுசன், நீயா இந்த வேலை செய்வ? புடி, கெட்டியா புடி."

பிடித்துக்கொண்டேன். இன்னும் பதினெட்டுப் படி இருந்தது.