பெரட்டில் நீ கொடுத்த குரல்

இன்று காலை மூவார் டவுன் கடைத்தெருச் சாக்கடையில் பினாயில் ஊற்றினார்கள், அக்கா. அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு உன் மேல்தான் ஆத்திரம் வந்தது. செத்துப் பதினைந்து வருஷம் ஆனவள் மேல் கோபப்படலாமா என்று கேட்காதே. படுவேன்.

விஷக்காய்ச்சல் வந்த அந்த மழைக்காலத்தில், தெருக்கூட்டுகிறவர்களின் லயத்தில் நாம் அடுத்தடுத்த அறையில் இருந்தோம். இருவருமே தாலியறுத்தவர்கள், உனக்கு ஒரு மகள், எனக்கு ஒரு மகன். விடிவதற்கு முன்பே வாசலில் பெரட்டு. நம்மை வேலை வாங்கும் மண்டோர் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிடுவான். மூன்று நாள் குரல் வராவிட்டால் அறையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். அதனால் படுத்துக் கிடப்பவளுக்காக இன்னொருத்தி இருட்டில் நின்று "இருக்கேன்" என்று சொல்லி, அவள் தெருவையும் சேர்த்துக் கூட்டுவாள். நம் லயத்து வழக்கம் அது. அதுவே நமக்கு எமனாயிற்று.

ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மருந்துப் பெட்டியோடு வந்து, "இங்க எத்தன பேருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டார்.

மண்டோர் பேர்ப் புத்தகத்தை விரித்துக் காட்டினான். "ஒரு ஆளும் கொறையலங்கய்யா. எல்லாரும் வேலைக்கு வந்திருக்காங்க."

உள்ளே என்னோடு சேர்த்து ஏழு பேர் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டையில போறவன் காதில் விழவில்லையாம்! பெட்டியைத் திறக்காமலே டிரெஸ்ஸர் போய்விட்டார்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டு நான் எழுந்து உட்கார்ந்தேன். என் தெருவையும் கூட்டி முடித்துவிட்டு நீ துடைப்பத்தோடு வந்தாய். கண் சிவந்து, உடம்பு அனலாய்க் கொதித்தது.

"அக்கா, உனக்கும் வந்திருச்சு. டிரெஸ்ஸர்கிட்ட சொல்லிரு" என்று கெஞ்சினேன்.

"சொன்னா என் பொய்யி தெரிஞ்சு ரெண்டு ரூமும் போயிரும். புள்ளைங்கள ஆத்துல தள்ளவா? வாய மூடிக்கிட்டுப் படு."

மூடிக்கொண்டேன். மறுநாள் காலை மீன் மார்க்கெட் முனையில் விழுந்தாய். மத்தியானத்துக்குள் போய்விட்டாய். பொழுது சாய்வதற்குள் புதைத்தோம்.

அடுத்த விடியலில் மண்டோர் உன் பேரைக் கூப்பிட்டான். பழக்கதோஷத்தில் பின்னாலிருந்து யாரோ ஒருத்தி "இருக்கேன்" என்றாள். எனக்கு வந்ததே வெறி!

"செத்துப்போயிட்டாய்யா! நேத்துதான் பொதைச்சோம்! மூணாம் ரூம்ல ரெண்டு பேரு, அஞ்சாம் ரூம்ல தாயும் புள்ளையும் காய்ச்சல்ல கெடக்காங்க! எழுதுய்யா!"

அன்றைக்கே மருந்து வந்தது, லயத்துச் சாக்கடைக்குப் பினாயில் வந்தது. கஞ்சி வந்தது. ஒரு அறையும் போகவில்லை. எல்லோரையும் துரத்திவிட்டால் ஊரை எவன் கூட்டுவான்? இந்தப் புத்தி நமக்கு ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

உன் மகளை நான்தான் வளர்த்தேன். அவளை வாயாடி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உன் மேல் கோபம் என்றேனே, அது பொய். நீ எனக்காகக் குரல் கொடுத்த விடியல்களில் நான் விழித்துத்தான் கிடந்தேன். நீ இருமியது கேட்டது. பிறகு என் பேருக்கு "இருக்கேன்" என்றதும் கேட்டது. அப்பாடா என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன், அக்கா.