கேக்கும் அவளே கொண்டுபோனாள்

அன்புள்ள யால்மர்,

உன் தங்கை ரூனா பல் டாக்டர் ஆகிவிட்டாள். உன் சித்தி மகன் ஸ்வாந்தே படகுப் போட்டியில் கோப்பை வாங்கினான். உன்னைப் பற்றியோ ஸ்டாக்ஹோம் பேப்பரே எழுதிவிட்டது, வங்கிக் கவுன்டரில் ஆளே வேண்டாதபடி எந்திரம் செய்தவன் என்று. ஐந்தாவதோடு நின்ற எனக்கு எப்பேர்ப்பட்ட பேரன்!

நானும் வங்கிக்குப் போய் அந்த எந்திரத்திடம் பேசினேன். "கவுன்டர்ல இருந்த என் மகளுக்கு இனிமே என்ன வேலை?" என்று கேட்டேன். "அருமையான கேள்வி!" என்றது. என்ன மரியாதை!

வெள்ளிக்கிழமையோடு உன் அம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நம்ம ஊர் வழக்கப்படி வேலையை விட்டுப் போகிறவர்தானே எல்லோருக்கும் கேக் கொண்டுபோக வேண்டும்? அதையும் செய்து கொண்டுபோனாள். மேனேஜர் வாய் நிறைய கேக்கோடு, "உன் பையன் செஞ்ச எந்திரமாச்சே, பெருமையா இருக்குமே!" என்றானாம். "ஆமா, இன்னொரு துண்டு எடுத்துக்கோ" என்றாளாம் இவள்.

நீ இன்னும் அவளுக்குப் போன் பண்ணவில்லை. பேசுகிற வேலையையும் எந்திரத்திடம் விட்டுவிட்டாயோ என்னவோ.

நீயும் அம்மாவும் சேர்ந்து நிற்கிற புதுப் படம் ஒன்று எனக்குத் தபாலில் அனுப்பு. அதை எடுக்க நீ வந்துதான் ஆக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மாவைப் பெற்றவள்