ஐந்து மணிப் பூசை

புளோரன்ஸ்,
29 செப்டம்பர் 1994

தம்பி லாப்போவுக்கு, அக்கா நோர்மா எழுதுவது.

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நீ நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

டூரினிலிருந்து நீ தட்டச்சு செய்து அனுப்பிய வார இறுதித் திட்டம் கிடைத்தது. அலுவலகத்து ஆட்கள் ஏழு பேர், நீ எட்டாவது. சனிக்கிழமை பத்தரைக்குக் கார்மினே கோவிலில் சுவரோவியம், ஒரு மணிக்குச் சாப்பாடு, மூன்றுக்குத் தாவீது சிலை, ஐந்திலிருந்து ஆறரை வரை 'ஓய்வு, கடைத்தெரு'. ஞாயிறு காலை ரயில். எட்டுப் பேருக்கு நல்ல கடையில் நான் மேசை பிடித்து வைக்க வேண்டுமாம். வெட்கமாக இல்லை? பிறந்து வளர்ந்த ஊரில் தங்க உனக்கு ஓட்டல் அறை, அதுவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

அந்தச் சனிக்கிழமை என்ன தேதி என்று பார்த்தாயா? அக்டோபர் எட்டு. அப்பா போய் முப்பதாம் நாள். அன்றைக்குப் பூசை வைப்போம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மறந்துவிட்டுப் போட்டாயா, தெரிந்தே போட்டாயா? எதுவானாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அடக்கத்துக்கும் நீ வரவில்லை. "என் சாவுக்குக்கூட வராதடான்னு அவர்தானே சொன்னாரு" என்று போனில் சொன்னாய். சொன்னார்தான். மூன்று வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில், "பஸ் ஓட்டுறவருக்கு இதெல்லாம் எங்க புரியப் போவுது" என்று அத்தனை பேர் முன்னால் நீ சொன்ன பிறகு சொன்னார். அவர் பேச்சை நீ என்றைக்குக் கேட்டிருக்கிறாய்? சிகரெட்டை விடு என்றார், விட்டாயா? அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் போடு என்றார், போட்டாயா? இந்த ஒரு சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய்.

எட்டாம் தேதி நீ வருகிறாய் என்று நான்தான் வாய் தவறி அம்மாவிடம் உளறித் தொலைத்தேன். "எண்ணி முப்பதாம் நாள் வர்றான் பாத்தியா! மறப்பானா எம்புள்ள?" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ரொட்டிக்கடை இவோவிலிருந்து மேல்மாடி ஃபோஸ்கா வரைக்கும் தெருவுக்கே சொல்லியாயிற்று. பதினோரு மணிக்குப் பூசை, பிறகு வீட்டில் உனக்குப் பிடித்த முயல் வறுவல் என்று ஒரே ஆர்ப்பாட்டம். நீ கூட்டாளிகளோடு ஊர் சுற்ற வருகிறாய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உன் திட்டத்தைத் தையல் டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். எனக்கும் புத்தி இல்லை, அம்மா தினமும் எடுக்கிற டப்பா.

செவ்வாய்க்கிழமை அவள் கையில் அது சிக்கிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே வரி வரியாகப் படித்தாள். அழப் போகிறாள், நானும் சேர்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டலாம் என்று காத்திருந்தேன். அவளோ, "ஐயோ பாவம், நாள் பூரா ஓட்டமா ஓடுறான். அஞ்சுலேர்ந்து ஆறரை வரைக்கும் சும்மாதான் இருக்கான், பாரு" என்றாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு நேராகப் பங்குச் சாமியார் தோன் அல்வாரோவிடம் போனாள். ஐந்து மணிக்கு யார் வீட்டுக் குழந்தைக்கோ ஞானஸ்நானம் இருக்கிறது என்று அவர் கைவிரித்திருக்கிறார். இவள் விடவில்லை. அந்த மூட்டுவலியோடு மூன்று மாடி ஏறி, அந்த வீட்டாரிடமே கெஞ்சி, நேரத்தை மாற்றி வாங்கி வந்துவிட்டாள். "உன் புருஷனோட பூசைய அவன் கடைத்தெரு சுத்துற நேரத்துலயா வைக்கிறே?" என்று நான் கத்தினேன்.

"கத்தாதடி. மொதல்லேர்ந்தே அஞ்சு மணின்னுதான் அவன்கிட்ட சொல்லணும். தனக்காக மாத்தினாங்கன்னு தெரிஞ்சா புள்ளைக்குச் சங்கடமாப் போயிடும்" என்றாள்.

உனக்குச் சங்கடமாகப் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சனிக்கிழமை உன்னைப் பார்த்து ஒரு சுடுசொல் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால்தான் மொத்தத்தையும் இந்தத் தாளிலேயே கொட்டித் தீர்க்கிறேன். அன்றைக்கு வாயைத் திறக்க மாட்டேன், பயப்படாதே.

மேசை பிடிக்கவில்லை, பிடிக்கவும் மாட்டேன். உன் ஆட்கள் எங்கேயாவது போய்த் தின்னட்டும்.

நீ வராவிட்டால் அம்மா அழ மாட்டாள். "சிலைகிட்ட கூட்டமா இருந்திருக்கும்" என்பாள். "இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுங்க சாமி" என்று தோன் அல்வாரோவிடம் கேட்பாள், அவரும் பொறுப்பார். பிறகு இன்னும் ஐந்து நிமிடம் கேட்பாள். கோவில் வாசலை அவள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்க்க வேண்டும். அது என்னால் முடியாது, லாப்போ.

அப்பாவை நீ மன்னிக்க வேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். ஐந்து மணிக்கு வந்து நில்லுடா.

கடவுள் உனக்கு அன்றைக்கு ஒரு நாளாவது நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
நோர்மா